சால்ட்வாட்டர் ரீலும் என் தங்கை கல்யாணமும்

விலை கொடுத்து நல்ல பொருள் வாங்கியவன் அதைப் பயன்படுத்திவிட்டுப் பேசாமல் இருந்துவிடுவான். மலிவாக வாங்கியவனால்தான் சும்மா இருக்க முடியாது. எதிரில் வருகிறவர்களை எல்லாம் நிறுத்தி, "இது என்ன விலை இருக்கும், சொல்லுங்க பார்ப்போம்?" என்று ஆரம்பித்துவிடுவான். பாதி, கேட்பவரை நம்பவைக்க. மீதி, தன்னையே நம்பவைக்க. நான் இந்த இரண்டாவது ஜாதி. அதனால்தான் என் தங்கையின் கல்யாணம் ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுவதும் ஒரு மீன்பிடி ரீலின் கைப்பிடியில் தொங்கிக்கொண்டிருந்தது.

நான் வேதியியல் ஆசிரியர். தாம்பரத்தில் ஒரு தனியார் பள்ளியில் பிளஸ் ஒன், பிளஸ் டூ பிள்ளைகளுக்குப் பாடம் எடுக்கிறேன். இரும்பு எப்படித் துருப்பிடிக்கிறது, உப்பு சேர்ந்தால் அது ஏன் இன்னும் வேகம் பிடிக்கிறது என்பதை என்னைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சமன்பாட்டோடு சொல்வேன். (இதை மறந்துவிடாதீர்கள். பின்னால் என்னைத் திட்டுவதற்கு வசதியாக இருக்கும்.)

எங்கள் பள்ளி பி.டி. மாஸ்டர் ஒருநாள் என்னைக் கோவளம் கழிமுகத்துக்குக் கூட்டிப்போய்க் கையில் தூண்டிலைக் கொடுத்தார். உள்ளங்கை அளவில் ஒரு மீன், அதற்கு வீட்டில் என்ன கஷ்டமோ, தானாக வந்து மாட்டிக்கொண்டது. அன்று முதல் நான் பெரிய மீனவன் ஆகிவிட்டேன். ராடு ஒன்று வாங்கினேன். ராடுக்கு ரீல் வேண்டும். ரீல் என்றால் ராடின் அடியில் தொங்குகிற சக்கரம். கைப்பிடியைச் சுற்றினால், கடலுக்குள் போன நைலான் நரம்பு திரும்பி வந்து உருளையில் சுற்றிக்கொள்ளும். ('ரீல் விடுறதுன்னா உனக்குச் சொல்லியா தரணும்' என்று நீங்கள் சொல்ல வருவதை எங்கள் வீட்டில் எல்லோரும் ஏற்கெனவே சொல்லியாகிவிட்டது. விட்டுவிடுங்கள்.)

ஆன்லைனில் தேடினேன். நல்ல ரீல்களின் விலையைப் பார்த்ததும் மீன் சாப்பிடும் ஆசையே போய்விட்டது. திரையைக் கீழே தள்ளிக்கொண்டே போனேன். தள்ளத் தள்ள விலை குறைந்தது, விளம்பரத்தில் பெருமை கூடியது. கடைசியில் ஒன்று அகப்பட்டது. கருநீல உடம்பு, தங்க நிறக் கைப்பிடி, பக்கவாட்டில் பளபளவென்று தங்க எழுத்தில் 'சால்ட்வாட்டர்'. கடல் தண்ணீருக்கென்றே பிறந்ததாம். விலையோ ஒரு சுமாரான செருப்பின் விலை.

வாங்கியவர்கள் எழுதியிருந்ததைப் படித்தேன். ஒருவர், 'நீண்ட நாள் உழைக்கிறது, நேற்றுதான் வந்தது' என்று எழுதி ஐந்து நட்சத்திரம் போட்டிருந்தார். இன்னொருவர், 'தரம் சூப்பர், பெட்டியை இன்னும் பிரிக்கவில்லை' என்று ஐந்து. ஒரே ஒரு ஆசாமி மட்டும் ஒற்றை நட்சத்திரம் போட்டு, 'கொஞ்ச நாள்ல கல்லு மாதிரி இறுகிப்போச்சு, ஏமாறாதீங்க' என்று புலம்பியிருந்தார். பொருளைப் பராமரிக்கத் தெரியாத மனுஷன் என்று அவரை மனதுக்குள் கண்டித்துவிட்டு ஆர்டர் போட்டேன். வந்த மறுநாள் நானும் ஐந்து நட்சத்திரம் போட்டேன். 'வேதியியல் ஆசிரியர் என்ற முறையில் சொல்கிறேன்' என்று ஆரம்பித்து ஒரு பத்தி எழுதியதாக ஞாபகம்.

பெட்டிக்குள் ஒரு துண்டுச் சீட்டு இருந்தது. கடலுக்குப் போய்வந்ததும் ரீலை நல்ல தண்ணீரில் கழுவ வேண்டும் என்று போட்டிருந்தது. அதை நான் வேதவாக்காக எடுத்துக்கொண்டேன். கோவளத்திலிருந்து வந்ததும் நேராகக் குளியலறைதான். குழாயை முழுசாகத் திறந்துவிட்டு, பழைய டூத் பிரஷ்ஷால் இண்டு இடுக்கெல்லாம் தேய்த்து, குழந்தைகளுக்கான ஷாம்பூ போட்டு, பச்சைப் பிள்ளையைப் போலக் குளிப்பாட்டுவேன். என் மனைவி மாலதி வெளியிலிருந்து, "உள்ள யாரைங்க குளிப்பாட்டிட்டிருக்கீங்க?" என்று கேட்பாள். துவட்டி, தேங்காய் எண்ணெய் தடவி, டப்பாவில் போட்டு மூடிவைத்த பிறகுதான் எனக்குக் காபியே இறங்கும்.

புதிதில் சத்தமே இல்லாமல் சுற்றியது. பிறகு லேசாக ஒரு கரகரப்பு. பிறகு காபிக்கொட்டை அரைக்கிற சத்தம். கடல் உப்பு இன்னும் உள்ளே இருக்கிறது என்று முடிவு கட்டினேன். அதனால் கடலுக்குப் போகாத நாளிலும் கழுவ ஆரம்பித்தேன். சில நாள் காலையும் மாலையும். கழுவக் கழுவச் சத்தம் அதிகமானது. சத்தம் அதிகமாக ஆக நான் இன்னும் கழுவினேன்.

அதே குளியலறையில் ஷவரின் ஓட்டைகள் எல்லாம் வெள்ளையாக அடைத்துக்கொண்டு ஒரே ஒரு ஓட்டையில்தான் தண்ணீர் பீச்சும். கீசர் காயில் வருஷம் தவறாமல் போகும். வாளிகளுக்குச் சுண்ணாம்பு அடித்தது போல விளிம்பில் வெள்ளைக் கோடு. நாட்டில் பொருள்களின் தரம் இப்படிக் குறைந்துவிட்டதே என்று நான் அடிக்கடி வருத்தப்படுவேன்.

இப்போது என் தங்கை சுகன்யா. அப்பா அம்மா போன பிறகு அவளுக்கு எல்லாமே நானும் மாலதியும்தான். அவளோடு வேலை பார்க்கும் பிரபுவும் அவளும் ஒருவரை ஒருவர் விரும்பினார்கள். பையன் தங்கம். பையனுடைய அப்பா தணிகாசலம்தான் பிடி கொடுக்கவில்லை. கூடுவாஞ்சேரியில் பரம்பரையாக நிலபுலன் உள்ள குடும்பம். வயலெல்லாம் மனைகளாகி, அவர் இப்போது வாடகைக் கடைகளுக்குச் சொந்தக்காரர். வேண்டாம் என்றும் சொல்லவில்லை, சரி என்றும் சொல்லவில்லை. "மனுஷங்கள பாக்கணும்" என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தார்.

பார்ப்பதற்காக ஒருநாள் தாம்பரத்தில் சேலையூரைத் தாண்டி இருக்கிற எங்கள் ஃபிளாட்டுக்கு வந்தார். பஜ்ஜி ஆயிற்று. காபி ஆயிற்று. பேச்சு ஓடவில்லை. நான் எதையாவது பேசித் தொலைக்க வேண்டுமே என்று, "உங்களுக்குப் பொழுதுபோக்கு என்ன சார்?" என்றேன்.

"ஏரில தூண்டி போடுவன் தம்பி. ராடெல்லாம் இல்ல, சும்மா கைநரம்புதான்."

அதற்குமேல் என்னை யார் நிறுத்த முடியும்? உள்ளே ஓடிப்போய் டப்பாவோடு வந்தேன். ரீலை எடுத்து இரண்டு கையாலும் அவரிடம் நீட்டினேன். கடல் நீர், ஈரக் காற்று, அரிமானம் எல்லாவற்றையும் பற்றி ஒரு பீரியட் வகுப்பு எடுத்தேன். அவர் கைப்பிடியைச் சுற்றிப் பார்த்தார். கரகரகர.

"இன்னா தம்பி, அரைக்குது?"

"பேரிங் சார். இதுல பேரிங் நிறைய. அந்தச் சத்தம்தான்."

அத்தோடு வாயை மூடியிருக்கலாம். மூடவில்லை. "ஒரு வீட்டுல ஒரு பொருளை எப்படி வச்சுக்கிறாங்கன்னு பார்த்தா போதும் சார், அந்தக் குடும்பத்தையே தெரிஞ்சுக்கலாம்" என்று ஒரு பொன்மொழியை வேறு உதிர்த்தேன். சமையலறை வாசலில் நின்ற சுகன்யா கண்களை இறுக மூடிக்கொண்டதை நான் பார்த்தேன். பெருமையில் மூடிக்கொண்டாள் என்று நினைத்தேன்.

தணிகாசலம் முதல்முறையாக நிமிர்ந்து உட்கார்ந்தார். "கரெக்டா சொன்ன தம்பி. ஞாயித்துக்கெழம கோவளம் போலாம். உன் மிஷின் வேலை செய்றத பாக்கறன். மத்தியானம் உங்க வூட்லயே சாப்பாடு, நீ புடிச்ச மீனு. அப்பால மத்தத பேசிக்கலாம்."

அவர் போனதும் சுகன்யா என் எதிரில் வந்து உட்கார்ந்தாள்.

"அண்ணா, ஜாதகம், சொந்தக்காரங்கன்னு எல்லாத்தையும் தாண்டி வந்தாச்சு. கடைசியில நீ கொண்டுவந்து ஒரு ரீலை நடுவுல வச்சுட்ட."

"அது சாதாரண ரீல் இல்லம்மா. சால்ட்வாட்டர்."

"தயவு செஞ்சு வாயைத் திறக்காம போயிட்டு வாண்ணா." கடைசி வார்த்தையில் அவள் குரல் உடைந்தது. அந்த வாரம் முழுக்க ரீலை இரண்டு வேளையும் குளிப்பாட்டினேன். வேறு எனக்கு என்ன தெரியும்?

ஞாயிறு விடிந்ததும் வண்டலூரில் அவரை என் ஸ்கூட்டரில் ஏற்றிக்கொண்டேன். மதியம் பெண் வீட்டில் சாப்பாடு என்பதால் கஞ்சி போட்ட வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை, தோளில் துண்டு. கையில் ஒரு மஞ்சப்பை. கழிமுகத்தில் பாறாங்கல் கொட்டிவைத்திருக்கிற கரையில் இடம் பிடித்தோம். உயிர் இறால் கோத்துத் தூண்டிலை வீசினேன். நல்ல வீச்சு. மஞ்சப்பையில் கைநரம்பு இருந்தும் அவர் அதை வெளியே எடுக்கவில்லை. கல்மேல் துண்டை விரித்து உட்கார்ந்து, "நீ போடு தம்பி. நான் உன் மிஷின பாக்கத்தான் வந்தன்" என்றார்.

ஒவ்வொரு முறை சுற்றும்போதும் கைப்பிடி முரண்டு பிடித்தது. நான் முகத்தில் காட்டிக்கொள்ளாமல் சுற்றினேன். அவர் கடலைப் பார்க்கவே இல்லை. என் மணிக்கட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

மீன் மட்டும் கடிக்காமல் இருந்திருந்தால் தப்பித்திருப்பேன். கடித்தது. ராடு வில்லாக வளைந்தது. தண்ணீரைக் கிழித்துக்கொண்டு ஒரு கொடுவா எழும்பித் தலையை உதறிவிட்டு மறுபடி உள்ளே போனது. கழிமுகத்தில் தூண்டில் போடுகிற அத்தனை பேரும் வெயிலில் காய்வது அந்த மீனுக்காகத்தான். என் வாழ்க்கையில் எனக்கு மாட்டிய முதல் கொடுவா. மாட்டிய கடைசிக் கொடுவாவும் அதுதான்.

"சுத்து தம்பி! சுத்து!" தணிகாசலம் எழுந்து நின்றுவிட்டார்.

கைப்பிடி அசையவில்லை. ஒற்றை நட்சத்திரக்காரர் சொன்ன அதே கல். ராடை முழங்கால்களுக்கு நடுவே இடுக்கிக்கொண்டு, இரண்டு கையாலும் கைப்பிடியைப் பிடித்து, மாவு இறுகிய ஆட்டுக்கல்லை அசைப்பது போல முக்கினேன். கடக் என்று ஒரு சத்தம். பிறகு வெண்ணெயாகச் சுற்ற ஆரம்பித்தது! பேரிங்குகள் வழிக்கு வந்துவிட்டன என்று எனக்குத் தலைகால் புரியவில்லை. "வருது சார்! வருது!" என்று கத்திக்கொண்டே அதிவேகமாகச் சுற்றினேன்.

"இன்னா வருது? அது உன் கையோட வந்துகினு கீது!" என்றார் அவர்.

குனிந்து பார்த்தேன். ரீல் ராடில் இருந்தது. கைப்பிடி என்னிடம் இருந்தது. நான் இவ்வளவு நேரம் சுற்றிக்கொண்டிருந்தது கோவளத்துக் காற்றை.

அதற்குள் ரீலின் முன்பக்கத் திருகு தெறித்துத் தண்ணீரில் விழுந்தது. அதைப் பிரிய மனமில்லாமல் நரம்பு சுற்றியிருந்த உருளையும் கழன்று கல்லில் தத்தித் தத்திக் கடலை நோக்கிப் புறப்பட்டது. தணிகாசலம் பாய்ந்து, துண்டைக் கையில் சுற்றிக்கொண்டு, ஓடுகிற நரம்பை எட்டிப் பிடித்தார். நான் பின்னாலிருந்து அவர் இடுப்பைக் கட்டிக்கொண்டு இழுத்தேன். (ஒரு கையில் அந்தக் கைப்பிடி அப்படியே இருந்தது. ஏன் கீழே போடவில்லை என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.) மீன் ஒரு பக்கம், நாங்கள் ஒரு பக்கம். நடுவில் ரீலோடு இலவசமாக வந்த நரம்பு. அது பட்டென்று அறுந்தது. நாங்கள் இரண்டு பேரும் பின்னால் சாய்ந்து, கற்களுக்கு நடுவில் கடல் தண்ணீர் தேங்கிய குழியில் உட்கார்ந்தோம். நான் தண்ணீரில் உட்கார்ந்தேன். என் சம்பந்தி ஆக வேண்டியவர் என் மடியில் உட்கார்ந்தார்.

நான் அவரைத் தூக்கிவிட்டேன். கஞ்சி போட்ட வேட்டி சேற்று நிறத்தில் காலோடு ஒட்டியிருந்தது. அவர் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "போலாம்" என்றார். கேளம்பாக்கம் வழியாகத் திரும்பினோம். வழி முழுக்க அவருடைய ஈர வேட்டி காற்றில் படபடவென்று அடித்துக்கொண்டிருந்தது. சுகன்யாவிடம் என்ன சொல்வது என்று யோசித்துக்கொண்டே ஓட்டினேன். என்னால் அவள் வாழ்க்கை நின்றுபோனால் நான் எந்த முகத்தோடு அந்த வீட்டில் சாப்பிடுவேன் என்று நினைத்தபோது எனக்கு அழுகையே வந்துவிட்டது. ஹெல்மெட் இருந்ததால் மானம் தப்பியது.

கதவைத் திறந்த மாலதி எங்கள் இருவரையும் மேலும் கீழும் பார்த்தாள். "மசாலா அரைச்சு ரெடியா வச்சிருக்கேன், மீன் எங்கே?" என்றாள். நான் கைப்பிடியைச் சாப்பாட்டு மேஜைமேல் வைத்தேன். அவள் அதைப் பார்த்துவிட்டு உள்ளே போய் முட்டைகளை வேகவைத்தாள். சுகன்யா சுவரோடு சுவராக நின்றாள்.

"மூஞ்சி கழுவிக்கிறன். உப்பு பிசுபிசுங்குது" என்றார் தணிகாசலம். நானே குளியலறைக்குக் கூட்டிப்போய்க் குழாயைத் திறந்துவிட்டேன். என்னுடைய ஒரு வேட்டியையும் எடுத்துக் கொடுத்தேன். வெகுநேரம் கழித்து வெளியே வந்தவர் உதட்டை நாக்கால் தொட்டுப் பார்த்தார்.

"இன்னா தம்பி, இன்னும் உப்பு போகலியே?"

"கடல் உப்பு சார். லேசுல விடாது. இன்னொரு தடவை கழுவுங்க."

போனார். கழுவினார். வந்தார். "இன்னும் கரிக்குது."

"சோடியம் குளோரைடு சார், தோல்ல நல்லா ஒட்டிக்கும். ஷாம்பூ வேணா இருக்கு, ரீலுக்கு வச்சிருந்தது..."

அவர் மூன்றாம் முறையாக உள்ளே திரும்பியபோது சமையலறையிலிருந்து மாலதியின் குரல் வந்தது. "மாமா, எத்தனை தடவை கழுவினாலும் அப்படியேதான் இருக்கும். அது கடல் இல்ல, எங்க போர் தண்ணி. நாங்க சாதத்துக்கே கேன் தண்ணிதான் வைக்கிறோம்."

தணிகாசலம் அப்படியே நின்றார். குழாயைப் பார்த்தார். விளிம்பு வெளுத்த வாளியைப் பார்த்தார். பக்கத்தில் டூத் பிரஷ், ஷாம்பூ, தேங்காய் எண்ணெய். கடைசியாக மேஜைமேல் இருந்த கைப்பிடியைப் பார்த்துவிட்டு என்னிடம் திரும்பினார்.

"தம்பி, அந்த மிஷின எந்தத் தண்ணில கழுவுன?"

நான் வாயைத் திறப்பதற்குள் என் தங்கை சொன்னாள். "இதுலதான் மாமா. ரெண்டு வேளையும்."

"கெமிஸ்ட்ரி வாத்தியார்னு சொன்ன, இல்ல?"

"ஆமா சார்."

அந்த மனுஷனுக்குச் சிரிக்கத் தெரியும் என்பதே எங்களுக்கு அன்றுதான் தெரிந்தது. சோபாவில் விழுந்து, வயிற்றைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் நீர் வரச் சிரித்தார். முட்டைக் குழம்பு வந்தது. ஒரு வாய் வைத்தார், மறுபடி சிரித்தார். அப்புறம் கொஞ்சம் அடங்கி, "நீ அன்னிக்கு சொன்னது கரெக்டுதான் தம்பி. ஒரு பொருள நல்லா வச்சுக்கணும்னு டெய்லி ரெண்டு வேள குளிப்பாட்டி கீற. மனசு நல்ல மனசு. தண்ணிதான் பேஜார்" என்றார். பிறகு சுகன்யாவைப் பார்த்தார். "ஏம்மா, எத்தினி வருஷமா நீ இந்தத் தண்ணில கீற?"

"பொறந்ததுலேருந்து மாமா."

"அப்பறம் இன்னாத்த பாக்கறது? இந்தத் தண்ணில இவ்ளோ வருஷம் தாங்குன பொண்ணு, எங்க வூட்ல நூறு வருஷம் தாங்கும். தேதி பாருங்க."

சுகன்யா சிரித்தாள், அழுதாள், சமையலறைக்குள் ஓடினாள். நான் அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டேன். அவ்வளவு சந்தோஷம் எனக்கு அதற்கு முன்னாலும் வந்ததில்லை, பின்னாலும் வந்ததில்லை. அவ்வளவு அவமானமும்தான்.

மறுநாள் வீட்டுக் குழாய்த் தண்ணீரை ஒரு பாட்டிலில் பிடித்துக்கொண்டு பள்ளி ஆய்வகத்துக்குப் போனேன். உப்பு இருந்தால் வெள்ளையாகத் திரியவைக்கும் சில்வர் நைட்ரேட், ஒரே ஒரு சொட்டு. சோதனைக்குழாயில் கெட்டித் தயிர். முன் வரிசை மாணவி ஒருத்தி, "கடல் தண்ணியா சார்?" என்று கேட்டாள். "எங்க வீடும்மா" என்றேன். சாயங்காலம் ரீலின் எஞ்சிய உடம்பைப் பிரித்துப் பார்த்தேன். நான் பெருமைப்பட்ட பேரிங் எல்லாம் ஒரே பழுப்புக் கட்டியாகியிருந்தன. 'சால்ட்வாட்டர்' என்ற தங்க எழுத்தில் மட்டும் ஒரு கீறல்கூட இல்லை. தப்பு ரீல்மீதா, தண்ணீர்மீதா என்ற வழக்கு எங்கள் வீட்டில் இன்னும் முடியவில்லை. நான் ரீல்மீது என்கிறேன். மற்ற எல்லோரும் என்மீது என்கிறார்கள்.

கைப்பிடியைத் தணிகாசலம் அந்த ஞாயிற்றுக்கிழமையே கேட்டு வாங்கிக்கொண்டு போய்விட்டார். கூடுவாஞ்சேரியில் அவர் வீட்டு ஷோகேஸில், பிரபு பள்ளியில் வாங்கிய கோப்பைகளுக்கு நடுவில் இருக்கிறது. பெண் வீட்டார் சீர் கொண்டுபோவதுதான் வழக்கம். எங்களுக்கு மட்டும் ஒவ்வொரு பொங்கலுக்கும் மாப்பிள்ளை வீட்டிலிருந்து ஒரு கேன் கிணற்றுத் தண்ணீர் சீராக வருகிறது. "தம்பி ரீல் கழுவறதுக்கு" என்று சொல்லி இறக்குவார்கள்.

சுகன்யாவின் மகனுக்குப் போன வருஷம் குன்றத்தூர் முருகன் கோயிலில் மொட்டை போட்டுக் காது குத்தினோம். தாய்மாமன் என்ற உரிமையில் அவனை என் மடியில் உட்கார்த்திக்கொண்டேன். தலையை நனைக்கத் தண்ணீர் கேட்டார்கள். நான் கொண்டுவந்திருந்த பாட்டிலை நீட்டினேன். தணிகாசலம் குறுக்கே கையை வைத்துத் தடுத்தார்.

"எந்தூர்த் தண்ணி தம்பி? தாம்பரமா? வேணாம், கத்தி துருப்புடிச்சிரும்."

சுற்றி நின்ற அத்தனை பேரும் சிரித்தார்கள். அந்தச் சத்தத்தில் பையன் மிரண்டுபோய் வீரிட்டு அழ ஆரம்பித்தான். தணிகாசலம் குனிந்து அவன் கன்னத்தைத் தட்டிக்கொடுத்தார்.

"பயப்படாம உக்காரு கண்ணு. தாத்தாவே அந்த மடில உக்காந்தவன்தான். உங்க மாமன் மடி நல்லா தாங்கும். மிஷினுதான் தாங்காது."